மைக் இல்லாத குரல்: ப்ரெட்டி யெண்டே பற்றி வாசகர் கேள்விகள்

தென் ஆப்பிரிக்க சோப்ரானோ பாடகி ப்ரெட்டி யெண்டே பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த இதழின் கேள்வி-பதில் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

யார் இந்த ப்ரெட்டி யெண்டே? ஒரே மூச்சில் சொல்லுங்கள். (விருதுநகர் வாசகர்)

1985 மார்ச் 6 அன்று தென் ஆப்பிரிக்காவின் பீட் ரெட்டீஃப் ஊரை ஒட்டிய தாண்டுகுகான்யா என்ற கறுப்பினக் குடியிருப்பில் பிறந்து, பாட்டியிடம் தேவாலயப் பாட்டுக் கற்று, கணக்காளராக வேண்டும் என்று நினைத்திருந்து, 16 வயதில் மனம் மாறி, கேப் டவுனில் இசை படித்து, 2009இல் வியன்னாவின் பெல்வெடேர் போட்டியில் எல்லாப் பிரிவிலும் முதல் பரிசு வாங்கி, 2011இல் மாஸ்கோவில் நடந்த ஒபெராலியா பாட்டுப் போட்டியையும் வென்று, மிலான், நியூயார்க், பாரிஸ், லண்டன் என்று உலகின் பெரிய ஓபரா அரங்குகளில் நாயகியாக நின்றவர். இதைவிட நீளமான வாக்கியங்களை அவர் ஒரே மூச்சில் பாடுவார்.

டிவி விளம்பரம் ஒன்றைப் பார்த்துத்தான் ஓபராவுக்கு வந்தார் என்கிறார்களே, நம்பலாமா? (திண்டுக்கல் வாசகி)

நம்பலாம். அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரம் அது. பின்னணியில் இரண்டு பெண் குரல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மேலே போகும். சில நொடிகள்தான். மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் போய் அது என்ன பாட்டு என்று கேட்டார். ஓபரா என்று பதில் வந்தது. மனிதர்களால் அப்படிப் பாட முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும் என்றதும், எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டார்.

ஆனால் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு விளம்பரம் ஒரு பெண்ணை ஓபரா பாடகி ஆக்கிவிடாது. தென் ஆப்பிரிக்காவின் கறுப்பினப் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சேர்ந்திசைக் குழுக்கள் இருந்து வருகின்றன. மிஷனரிகள் கொண்டுவந்த 'டோனிக் சோல்ஃபா' முறையில், நம் சரிகம போல எழுத்துகளிலேயே ஸ்வரம் எழுதிப் படிப்பார்கள். ஐந்து கோட்டு நொட்டேஷன் தெரியாமலே நான்கு குரல் சேர்ந்திசையைத் தவறில்லாமல் பாடுவார்கள். ஹாண்டலின் 'மெசையா' அங்கே ஊருக்கு ஊர் தெரியும். குழுக்களுக்கு இடையே போட்டி நடக்கும். போட்டிப் பாடல்களில் ஓபரா பகுதிகளும் இருக்கும். இன்று தென் ஆப்பிரிக்க தேசிய கீதத்தில் இடம்பெறும் 'என்கோசி சிகெலெல் ஐஆஃப்ரிகா'வை 1897இல் இயற்றிய ஈனாக் சொண்டோங்காவும் இப்படிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்தான். ஆகவே 16 வயது யெண்டேயின் காது அந்த இரண்டு குரல்களை உடனே பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. விளம்பரம் கதவைக் காட்டியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாட்டியும் பாடகர் குழுவும் அவரை நடக்கப் பழக்கியிருந்தார்கள்.

அந்த விளம்பரப் பாட்டில் இந்தியா வருகிறதாமே? (காரைக்குடி வாசகர்)

வருகிறது, ஆனால் பாரிஸில் இருந்தபடி கற்பனை செய்த இந்தியா. லியோ தெலீப் இசையமைத்த 'லக்மே' ஓபரா 1883 ஏப்ரலில் பாரிஸின் ஓபரா-கொமீக் அரங்கில் முதலில் மேடையேறியது. நீலகண்டன் என்ற அந்தணரின் மகள் லக்மே. ஆங்கிலேய அதிகாரி ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் மனம் தன் படையின் பக்கம் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் ஊமத்தை இலையைத் தின்று இறந்துபோகிறாள். தொடக்கத்தில் அவளும் தோழி மல்லிகாவும் பூப்பறிக்கப் போகும்போது பாடுவதுதான் அந்த இரட்டைப் பாட்டு. லக்மே என்பது நம் லட்சுமிதான். 1952இல் டாடா குழுமம் அழகுசாதன நிறுவனம் தொடங்கியபோது இந்த ஓபராவின் பெயரையே வைத்தது. உங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

2016இல் வெளிவந்த யெண்டேயின் முதல் ஆல்பம் 'எ ஜர்னி'யில் இந்தப் பாட்டும் இருக்கிறது.

சோப்ரானோ என்றால் உச்சத்தில் கத்துவதுதானே? (ஒரு சென்னை வாசகர்)

கத்தினால் ஒரு வாரத்தில் குரல் போய்விடும். இவர்கள் முப்பது ஆண்டுகள் பாடுகிறார்கள்.

மைக்கே இல்லையாமே! நியூயார்க் மெட்ரோபாலிட்டன் (மெட்) அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம் என்று படித்தேன். கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்கும்? (கோவை, பொறியியல் மாணவி)

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆர்கெஸ்ட்ராவோடு சத்தத்தில் போட்டி போட்டு எந்தக் குரலாலும் ஜெயிக்க முடியாது. பாடகர்கள் ஆர்கெஸ்ட்ரா வலுவாக இல்லாத இடத்தைத் தேடிப் போகிறார்கள். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் அருகே மிகுந்து, அதற்கு மேலே போகப்போகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் தொண்டையின் வடிவத்தைச் சரிசெய்து 3,000 ஹெர்ட்ஸ் அருகே தங்கள் குரலின் ஆற்றலைக் குவிக்கிறார்கள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்த இடத்தைத்தான்.

சோப்ரானோவின் வழி வேறு. மேல் ஸ்தாயியில் அவர் பாடும் சுருதியே வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வைத் தாண்டிப் போய்விடும். அப்போது தாடையை இறக்கி, வாயை அகலத் திறந்து, அந்த ஒத்ததிர்வையும் சுருதியோடு சேர்த்து மேலே ஏற்றுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்போது தொண்டைக்குக் கூடுதல் சிரமம் இல்லாமலே குரல் பெருகுகிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்து விளக்கியிருக்கிறார். யெண்டே உச்சத்துக்குப் போகும்போது அவர் தாடையைக் கவனியுங்கள். முகம் இறுகாது. முகம் இறுகினால் பாடகி சிரமப்படுகிறார் என்று அர்த்தம்.

மைக் வராத காலத்தில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கப் பாடிய கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

அதெல்லாம் சரி, மேலே போனால் ஒரு சொல்லும் புரிவதில்லையே? பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குமா? (புதுச்சேரி வாசகர்)

அவர்களுக்கும்தான். 'ஈ' என்ற உயிருக்கு வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கும். பாடகி 880 ஹெர்ட்ஸில் நிற்கும்போது 'ஈ'யை 'ஈ'யாகக் காட்டும் அடையாளமே ஒலியில் இல்லாமல் போகிறது. 'ஈ', 'ஏ', 'ஊ' எல்லாம் 'ஆ'வை நோக்கிச் சாய்ந்துவிடும். நல்ல இசையமைப்பாளர்களுக்கு இது தெரியும். முக்கியமான செய்தியை நடு ஸ்தாயியில் சொல்லி முடித்துவிட்டு, அதே சொற்களை மேலே திரும்பப் பாட வைப்பார்கள். மெட் அரங்கில் 1995 முதல் ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் மொழிபெயர்ப்பு ஓடும் சிறு திரை இருக்கிறது.

முதல் நாளே மேடையில் விழுந்தாராமே? (தூத்துக்குடி வாசகி)

ஆமாம், மெட் அரங்கில். 2013 ஜனவரி 17, ரோசினியின் 'லெ கோந்த் ஓரி'. அதேல் சீமாட்டி வேஷத்தில் பாடவேண்டியவர் உடல்நலமில்லாமல் விலக, ஏறக்குறைய ஒரு வார அவகாசத்தில் யெண்டே வந்து சேர்ந்தார். வயது 27. எதிரே ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ், அந்த வகைப் பாட்டில் அப்போது உலகின் முதல் ஆள். மேடைக்குள் வரும்போதே படியில் கால் தடுக்கி விழுந்தார், எழுந்தார், பாடினார். அடுத்து வருவது பிருகாக்கள் நிறைந்த நீண்ட பாட்டு. அது முடிந்தபோது அரங்கம் அடங்கவில்லை.

விழுந்ததை நான் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. விழுந்து எழுந்த பிறகும் மூச்சு இடுப்பில் நிலையாக நின்றதே, அதுதான் பெரிது. பதற்றம் முதலில் தாக்குவது மூச்சைத்தான். மூச்சு மேலேறி நெஞ்சுக்கு வந்துவிட்டால் வேகமான ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்துபோகும். அன்று அவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது.

ஒரு வாரத்தில் ஒரு முழு வேஷமா? எப்படி? (நாகர்கோவில், மேடை நாடக நடிகர்)

உங்களுக்கே இதன் பாடு புரியும். பிரெஞ்சுச் சொற்கள், இசை, மேடையில் எங்கே நிற்பது, யார் கையைப் பிடிப்பது, ஆர்கெஸ்ட்ரா நடத்துநரின் கை எப்போது உயரும் என்று எல்லாம் ஒன்றாக மனத்தில் ஏறவேண்டும். ஒரு வாரத்தில் ஏறியது சொல்லும் இசையும். பாடும் முறை ஒரு வாரத்தில் வரவில்லை. கேப் டவுன் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் வர்ஜீனியா டேவிட்ஸ் என்ற ஆசிரியரிடம் பல ஆண்டு, பிறகு மிலானில் லா ஸ்காலா பயிற்சிக் கழகத்தில் என்று அந்தச் சாதகம் முன்பே முடிந்திருந்தது.

எல்லா வகையும் பாடுகிறாரா, பிடித்த வகை என்று ஒன்று உண்டா? (தஞ்சாவூர், பாட்டு ஆசிரியை)

அவர் மனம் தோய்ந்தது 'பெல் கான்டோ' எனப்படும் இத்தாலிய வழியில். ரோசினி, பெல்லினி, தோனிசெத்தி மூவரும் அதன் தூண்கள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. உங்களுக்கு இந்த வழி உடனே பிடிபடும். இங்கே எழுதியதை எழுதியபடி பாடிவிட்டுப் போவது நடைமுறை கிடையாது. பகுதி திரும்ப வரும்போது பாடகி தன் அலங்காரங்களைச் சேர்க்கவேண்டும். முடிவில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும். பாடகி மட்டும் தன் கற்பனையில் சுற்றிவந்து இறங்குவார். அதற்குக் கதென்ஸா என்று பெயர்.

தோனிசெத்தியின் 'லூசியா தி லம்மர்மூர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1835இல் நேப்பிள்ஸில் அரங்கேறியது. அண்ணன் கட்டாயத்தில் மணமான பெண், முதலிரவில் கணவனைக் குத்திக் கொன்றுவிட்டு, ரத்தம் தோய்ந்த வெள்ளை உடையில் விருந்தினர் நடுவே வந்து, தன் காதலனையே மணப்பதாக நினைத்துப் பாடுகிறாள். புல்லாங்குழலும் குரலும் மாறி மாறித் துரத்தும் புகழ்பெற்ற கதென்ஸா தோனிசெத்தி எழுதியதன்று. 1889இல் பாரிஸில் நெல்லி மெல்பா பாடியதோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பிற்காலத்தார் சேர்த்ததே மரபாகிவிட்டது. யெண்டே லூசியாவாகப் பாரிஸிலும், 2018இல் மெட்டிலும் பாடினார். பல பாடகிகள் இந்தக் காட்சியை வாணவேடிக்கை ஆக்கிவிடுகிறார்கள். யெண்டேயிடம் எனக்குப் பிடித்தது அந்தப் பெண்ணின் சந்தோஷம்: தனக்குக் கல்யாணம் என்று அவள் மனதார நம்புகிறாள். அந்த இனிமையான குரலில் அதைக் கேட்கும்போதுதான் நமக்கு அடிவயிறு கலங்குகிறது.

பாரிஸில் 'லா திராவியாத்தா' நாயகியை இன்ஸ்டாகிராம் பிரபலமாக்கிவிட்டார்களாமே. வெர்தி மன்னிப்பாரா? (மதுரை வாசகர்)

மன்னிப்பார் என்றே நினைக்கிறேன். 2019இல் சைமன் ஸ்டோன் இயக்கியது அது. யெண்டேயின் வியோலெத்தா, ஊரே பின்தொடரும் சமூக ஊடகப் பெண். வெர்தியும் 1853இல் தன் காலத்துப் பாரிஸைத்தான் மேடையில் காட்ட விரும்பினார்; தணிக்கை பயத்தில் கதையைப் பழைய காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எல்லாரும் பார்க்கும் ஒரு பெண்ணை நோயில் யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதுதான் கதை. அதற்குக் கைப்பேசித் திரை பொருந்தவே செய்கிறது. மேடையில் விளம்பரப் பலகைகள் கூடுதல் என்பது என் குறை. பாட்டில் குறை இல்லை.

கறுப்பினத்தவர் ஓபராவில் பாடுவது புதிதா? (சேலம், கல்லூரி மாணவர்)

புதிதில்லை, தடுத்து வைத்திருந்தார்கள். மெட் அரங்கில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடியது 1955இல்தான். அப்போது அவருக்கு 57 வயது. பாடகி ஒருவரின் நல்ல காலம் வெளியே நின்றே கழிந்திருந்தது. 1961இல் லியோன்டைன் பிரைஸ் வந்தார். முதல் இரவின் கைதட்டல் நாற்பது நிமிடத்துக்கு மேல் நீடித்தது. தென் ஆப்பிரிக்காவில், கேப் டவுனின் இயோன் குழுவினர் 1956இலேயே 'லா திராவியாத்தா'வை இத்தாலிய மொழியில் மேடையேற்றினார்கள். எல்லாரும் நிறவெறிச் சட்டம் 'கலப்பினத்தவர்' என்று முத்திரை குத்திய உழைப்பாளிகள். பகலில் வேலை, இரவில் ஒத்திகை. அதே நகரில் 1971இல் அரசு கட்டிய பெரிய ஓபரா அரங்கு திறந்தபோது அவர்களுக்கு அங்கே இடமில்லை. வெள்ளையர்க்கு மட்டும் என்ற விதி சில ஆண்டுகள் கழித்தே தளர்ந்தது. யெண்டேக்கு 9 வயதானபோது நிறவெறி ஆட்சி முடிந்தது. அவரைத் திடீரென்று முளைத்த அதிசயம் என்று எழுதும்போது இந்த மனிதர்கள் அத்தனை பேரும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

ஜூலு மொழியில் ஓபரா உண்டா? (ஈரோடு வாசகி)

உண்டு. மஸிலிகாசி குமாலோ இசையமைத்த 'பிரின்ஸெஸ் மகோகோ' 2002இல் டர்பனில் மேடையேறியது. ஜூலு அரச குடும்பத்துப் பாடகியும் இசை படைப்பாளியுமான ஒரு பெண்ணின் கதை. யெண்டே தம் மொழியைத் தோனிசெத்திக்குள்ளேயே கொண்டுபோனார். 2019இல் மெட்டில் 'படைப்பிரிவின் மகள்' நகைச்சுவை ஓபராவில் வசனப் பகுதி ஒன்றில் கோபம் வந்ததும் ஜூலுவில் பொரிந்து தள்ளினார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது.

பிரிட்டிஷ் மன்னரின் முடிசூட்டு விழாவில் ஆப்பிரிக்கப் பெண் போய்ப் பாடலாமா? எனக்கு ஒப்பவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

உங்கள் மனத்தாங்கலை மதிக்கிறேன். காலனி ஆட்சியின் தழும்பு உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் நான் உங்களோடு உடன்படவில்லை. 2023 மே 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், மஞ்சள் உடையில், சாரா கிளாஸ் அந்த நாளுக்காக இயற்றிய 'சேக்ரட் ஃபயர்' பாட்டை யெண்டே தனியாக நின்று பாடினார். பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவில் தனிப்பாட்டுப் பாடிய முதல் ஆப்பிரிக்கர் அவர். அலங்காரத்துக்காக ஓரத்தில் நிறுத்தி வைக்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கத் தகுந்த குரல் என்று அழைத்தார்கள். அழைத்த வேலையை அவர் அப்பழுக்கில்லாமல் செய்தார். வரலாற்றுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அன்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

40 வயதைத் தொட்டவரை 'இளம் பாடகி' என்கிறீர்களே? (வேலூர் வாசகர்)

சோப்ரானோ குரலின் நல்ல பருவம் பெரும்பாலும் முப்பதுகளில்தான் தொடங்கும். மெல்லிய குரல்கள் சற்று முன்னால், கனமான குரல்கள் இன்னும் பின்னால். இருபதுகளில் பெரிய வேஷம் கேட்டு வரும் அழைப்புக்குத் தலையாட்டி, முப்பத்தைந்தில் குரலில் நடுக்கம் கண்டவர்கள் பலர். யெண்டே வியோலெத்தாவை எடுத்தது 34 வயதில். அதுவரை ரோசினியும் தோனிசெத்தியும் அவர் குரலை எண்ணெய் இட்டு வைத்திருந்தார்கள். ஒரு பாடகி எதைப் பாடினார் என்பதோடு, எதற்கு இன்னும் நாளாகட்டும் என்றார் என்பதையும் பாருங்கள்.

என் மகளுக்கு 12 வயது. ஓபரா பாடவேண்டும் என்கிறாள். என்ன செய்ய? (சென்னை, ஒரு தாய்)

முதலில் ஒரு சேர்ந்திசைக் குழுவில் சேருங்கள். பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே தன் ஸ்வரத்தில் நிற்கப் பழகட்டும். பியானோவில் அடிப்படை படிக்கட்டும். இத்தாலிய மொழி இப்போதே தொடங்கலாம். லூசியாவை அவளிடம் கொடுக்காதீர்கள். பருவ மாற்றம் முடியும்வரை உச்சக் குரல் பயிற்சி எதுவும் வேண்டாம். வலித்தால் உடனே நிறுத்தவேண்டும் என்பதை விதியாக்குங்கள். சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியப் பாட்டுப் பயிற்சி உண்டு. ஆசிரியர்களிடம் போய்ப் பேசிப்பாருங்கள். இரண்டு மாதத்தில் மேடை ஏற்றுகிறேன் என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

யெண்டேக்கு அடுத்து அந்த நாட்டில் யார்? (திருச்சி வாசகர்)

வரிசையே நிற்கிறது. கோல்டா ஷுல்ட்ஸ், 2020இல் லண்டன் ப்ராம்ஸ் விழாவின் கடைசி இரவில் பாடிய சோப்ரானோ. டெனர் லெவி செக்கபானே 2017இல் ஒபெராலியாவை வென்றார். மசபானே செசிலியா ரங்வனாஷா 2021இல் பிபிசி கார்டிஃப் பாடகர் போட்டியில் பாடல் பரிசை எடுத்தார். யெண்டேயைவிடக் கனமான, இருண்ட குரல், ஸ்ட்ராஸ் பாடக் கேளுங்கள். யெண்டேயின் தங்கை நொம்புலேலோவும் சோப்ரானோதான். நால்வரில் முதலில் யாரைக் கேட்பது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ரங்வனாஷா.